சி.பி.எஸ்.இ. 10, 12ஆம் வகுப்பு வருகைப்பதிவும் விடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை, பெற்றோரும் பிள்ளைகளும் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்கும் விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். இங்கே சொல்வதெல்லாம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு மட்டும். மாநிலப் பாடத்திட்டத்துக்கும் ஐ.சி.எஸ்.இ.க்கும் விதிகள் வேறு.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவன் எத்தனை நாள் வந்தான் என்பது ஒரு கணக்கு, ஏன் வரவில்லை என்பது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

75 சதவீதம்னு சொல்றாங்களே, எதுல 75 சதவீதம்? வருஷம் முழுக்கவா?

பொதுத்தேர்வு எழுதத் தேவையான வருகை அது. வருடம் முழுக்க இல்லை. அந்த வகுப்புக்குப் பாடம் தொடங்கிய நாளிலிருந்து, தேர்வு தொடங்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் 1ஆம் தேதி வரை நடந்த பள்ளி நாட்களில் 75 சதவீதம். பொதுத்தேர்வு பிப்ரவரியில் தொடங்குவதால் கணக்கு முடியும் நாள் ஜனவரி 1. வாரியத்தின் தேர்வு விதிகளில் 13ஆவது விதி இதைச் சொல்கிறது.

ஞாயிறு, அரசு விடுமுறை, தசரா, கிறிஸ்துமஸ் விடுமுறை எதுவும் இதில் சேராது. பள்ளி நடந்த நாட்கள் மட்டுமே. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் எத்தனை வேலை நாட்கள் என்று இருக்கிறதோ அதுதான் அடிப்படை. வீட்டுக் காலண்டரை வைத்துப் போடும் கணக்கு ஐந்தாறு நாள் தள்ளித்தான் வரும்.

இன்னும் எத்தனை நாள் லீவு போடலாம்னு எப்படிக் கணக்குப் பாக்குறது?

மூன்று எண்கள் வேண்டும்: இதுவரை நடந்த வேலை நாட்கள், இதுவரை வந்த நாட்கள், ஜனவரி 1 வரை இனி வரப்போகும் வேலை நாட்கள். முதல் இரண்டையும் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள், மூன்றாவதைப் பள்ளியின் ஆண்டு அட்டவணையில் எண்ணிக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, செப்டம்பர் முடிய 100 வேலை நாட்கள், அதில் 68 நாள் வந்திருக்கிறான், இன்னும் 64 நாட்கள் பாக்கி என்று வைப்போம். மொத்தம் 164. அதில் 75 சதவீதம் 123. ஆக இனி 55 நாள் வர வேண்டும், 9 நாள் மட்டுமே தவறலாம். இன்றைய நிலவரம் 68 சதவீதம் என்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், "இன்னும் நாள் இருக்கே" என்று விட்டுவிடவும் வேண்டாம்.

கணக்கில் பின்னம் வந்தால் மேல்நோக்கியே எடுத்துக்கொள்ளுங்கள். 164இல் 60 சதவீதம் 98.4 என்று வரும். 98 நாள் வந்தவன் 60ஐத் தொடவில்லை, 99 நாள் வந்தவன்தான் தொட்டவன். இந்த 60 எதற்கு என்பது பின்னால் வரும்.

மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்துட்டோம். அந்த நாளெல்லாம் வந்த மாதிரி கணக்காயிடும்தானே?

ஆகாது. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காய்ச்சலில் 10 நாள் படுத்திருந்தால், சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிவேட்டில் அந்த 10 நாளும் வராத நாட்கள்தான். சதவீதம் ஒரு புள்ளிகூட ஏறாது.

சான்றிதழின் பயன் வேறு இடத்தில். சதவீதம் 75க்குக் கீழே போய்விட்டால், "இந்தக் குறைவை மன்னித்துத் தேர்வு எழுத விடுங்கள்" என்று வாரியத்திடம் கேட்க அதுதான் ஆதாரம். காண்டொனேஷன் என்று பள்ளி அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். 80 சதவீதம் இருப்பவனுக்கு அந்தச் சான்றிதழால் வாரியத்தில் எந்தக் காரியமும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கொடுத்து வையுங்கள். டிசம்பரில் டெங்கு வராது என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை.

அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் லீவ் லெட்டர் கேக்குறாங்க? மிஸ்கிட்ட போன்ல சொன்னா போதாதா?

போதாது. 2025 ஆகஸ்டில் வாரியம் அனுப்பிய சுற்றறிக்கை இதில் கறாராக இருக்கிறது. எழுத்துப்பூர்வமான விண்ணப்பம் இல்லாமல் வராத நாட்கள் அனுமதியில்லாத விடுப்பு. அப்படிப் பல நாட்கள் சேர்ந்தால், பள்ளிக்கே வராமல் பெயருக்குச் சேர்ந்திருக்கும் மாணவன் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. வாட்ஸப்பில் "சன்னுக்கு ஃபீவர் மிஸ்" என்று போட்டது ஆசிரியருக்குத் தகவல், அவ்வளவுதான். கோப்பில் அது ஏறாது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. தேதி, பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காரணம், இணைத்திருக்கும் தாள்கள், பெற்றோர் கையொப்பம். இதில் "முதல் – வரை" தேதிதான் உயிர்நாடி. "சில நாட்களாக உடல்நலமில்லை" என்று எழுதிய கடிதத்தை எந்த நாட்களோடு பொருத்துவது? பள்ளி மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தேதியோடு அது நின்றுவிடும், கையில் கொடுத்த கடிதம் தொலைந்தாலும் கவலையில்லை.

எந்தக் காரணமெல்லாம் செல்லும்? அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, மாலை போட்டிருக்கான்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?

குறைவை மன்னிப்பதற்கு விதியில் இருக்கும் காரணங்கள் குறைவு: நீண்ட நாள் நோய், தாய் அல்லது தந்தையின் மரணம் போன்ற பேரிழப்பு, இவற்றுக்கு இணையான தீவிரமான வேறு காரணம். விளையாட்டும் முகாமும் தனி வகை, கீழே பார்க்கலாம்.

திருமணம், கொடைவிழா, சபரிமலை, வெளிநாட்டுப் பயணம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. பள்ளி இரண்டு நாள் விடுப்பு தரலாம், அது பள்ளிக்குள் முடிந்துபோகும் விஷயம். 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடைவெளிதான் இவற்றுக்கான இடம். மேலே போட்ட 164 நாள் கணக்கில் அது 41 நாள். அதைக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஜூலையிலேயே செலவழித்துவிட்டு, நவம்பரில் நிஜமாகவே நோய் வந்து சிக்கிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. அப்போது குறைவு முழுவதும் நோயால் வந்ததல்ல என்பது பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெடிக்கல் சர்டிபிகேட்ல என்னென்ன இருக்கணும்? நம்ம ஃபேமிலி டாக்டர் கொடுத்தா ஆகாதா?

பள்ளியில் சாதாரண விடுப்புக்குப் பதிவு பெற்ற எந்த மருத்துவரின் சான்றும் பெரும்பாலும் போதும். வாரியத்துக்குப் போகும் விண்ணப்பத்துக்கு அரசு மருத்துவரின் சான்று வேண்டும், அதோடு பரிசோதனை முடிவுகளும் சிகிச்சைத் தாள்களும். தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை, ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனால்தான் அரசு மருத்துவராலும் எதையாவது பார்த்து எழுத முடியும்.

சான்றில் நோயின் பெயர், சிகிச்சை தொடங்கிய தேதி, ஓய்வு தேவைப்பட்ட நாட்கள், மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், முத்திரை, கொடுத்த தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டு பள்ளிப் பதிவில் இருப்பதுபோலவே இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியதால் திரும்பி வந்த தாள்கள் ஏராளம்.

ஜூலை நோய்க்கு டிசம்பரில் சான்று வாங்குவது வேலைக்கு ஆகாது. மருத்துவர்கள் தாங்கள் கொடுக்கும் சான்றிதழ்களுக்குப் பதிவேடு வைத்துப் பிரதியும் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய தொழில்விதி. பழைய தேதி போட்டு வாங்கிய சான்று சரிபார்ப்பில் பிடிபட்டால், உண்மையான தாள்கள்மீதும் சேர்த்துச் சந்தேகம் விழும்.

பையன் கபடி ஆடப் போனான், பொண்ணு என்.சி.சி. கேம்ப் போனா. அதுவும் லீவா?

இல்லை. முறையான அனுமதியோடு, பள்ளிகளுக்கு இடையிலான அளவுக்குக் குறையாத போட்டியில் கலந்துகொண்டாலும், என்.சி.சி., என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போனாலும் அந்த நாட்கள் முழு வருகை. போகவர ஆகும் பயண நாட்களும் சேர்த்தி. மருத்துவ விடுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இங்கே சதவீதமே ஏறும்.

நிபந்தனை "முறையான அனுமதி" என்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. போவதற்கு முன்பே பள்ளி எழுத்தில் அனுமதித்திருக்க வேண்டும், திரும்பியதும் கலந்துகொண்ட சான்றிதழைத் தேதிகளோடு கொடுக்க வேண்டும். தனியார் அகாடமி நடத்தும் பயிற்சி முகாம், கிளப் போட்டி என்று போனவை இதில் வராது. இன்னொன்று: சான்றிதழைக் கொடுத்தபின் பதிவேட்டில் திருத்தினார்களா என்று ஒரு வாரத்தில் கேட்டுவிடுங்கள். விளையாட்டு ஆசிரியரிடமே தங்கிப்போன சான்றிதழ்கள் உண்டு.

மழை லீவு விட்டா கணக்கு என்னாகும்?

கலெக்டர் விடுமுறை அறிவித்தால் அன்று பள்ளி நடக்கவில்லை, அதனால் யாருக்கும் கணக்கில் வராது. ஆனால் அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்தால் அது முழு வேலை நாள். "சனிக்கிழமைதானே" என்று வீட்டில் இருந்துவிட்டால் அது வராத நாள்தான்.

லேட்டா போனா அரை நாள் போடுறாங்க. இதுக்கு விதி இருக்கா?

எத்தனை நிமிடம் தாமதமானால் அரை நாள் என்பது பள்ளி வகுத்துக்கொள்வது. டைரியின் முதல் பக்கங்களில் இருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டு அரை நாள் ஒரு நாளாகக் கழியும்போது அது மெதுவாகத்தான் தின்னும். மாதம் நான்கு தாமதம் என்றால் ஏழு மாதத்தில் 14 நாள்.

75க்குக் கீழ போயிடுச்சு. இப்போ யார்கிட்ட போகணும்? நேரா சி.பி.எஸ்.இ. ஆபீஸ் போகலாமா?

நேராகப் போய்ப் பயனில்லை. விண்ணப்பம் பள்ளி முதல்வர் வழியாக, வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் வாரியத் தலைவருக்கு. அவர் 15 சதவீதம் வரை, அதாவது 60 வரை, மன்னிக்கலாம். "மன்னிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். அது உரிமை இல்லை.

பெற்றோர் செய்ய வேண்டியது: முதல்வர் பெயருக்குக் காரணத்தை விளக்கி ஒரு விண்ணப்பம், அதோடு காரணத்துக்கு ஏற்ற ஆதாரம். நோய் என்றால் மேலே சொன்ன தாள்கள். பெற்றோர் மரணம் என்றால் இறப்புச் சான்றிதழ். வேறு காரணம் என்றால் அதை உறுதிசெய்யும் அதிகாரியின் சான்று. ஒரு தாளில் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வரவில்லை, காரணம் இது, ஆதாரம் இத்தனையாவது பக்கம். படிப்பவருக்கு வேலை குறைந்தால் கேள்விகளும் குறையும். பள்ளி தன் பங்குக்கு வருகை விவரத்தையும் பரிந்துரையையும் சேர்த்து அனுப்பும். பரிந்துரைக்க மறுத்தால் அதற்கும் காரணம் எழுதியே அனுப்ப வேண்டும்.

2024 அக்டோபர் சுற்றறிக்கையின்படி பள்ளிகள் இவற்றை ஜனவரி 7க்குள் அனுப்பிவிட வேண்டும். ஜனவரி 1இல் கணக்கு முடிந்து 7இல் கதவு அடைத்துவிடும். அந்த ஆறு நாளில் அரசு மருத்துவமனைக்கு ஓடிச் சான்று வாங்குவது நடக்கிற காரியமில்லை. டிசம்பர் முதல் வாரத்திலேயே தாள்கள் தயாராக இருக்கட்டும். பள்ளி எதையும் விட்டுவிடாமல் அனுப்புகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

60க்கும் கீழ. ஒண்ணுமே செய்ய முடியாதா?

புற்றுநோய், எய்ட்ஸ், காசநோய் போன்ற கடும் நோயால் நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தவர்களை மட்டும் விதிவிலக்காகப் பார்ப்பார்கள். டைபாய்டு, மஞ்சள்காமாலை என்று சொல்லி 60க்குக் கீழே கேட்பது கடினம். சிகிச்சை நீளும் என்று தெரிந்த அன்றே முதல்வருக்கு எழுதுங்கள். மாதாமாதம் தாள்கள் சேர்ந்துகொண்டே வந்தால்தான் கோப்பு நம்பும்படியாக இருக்கும்.

மொத்தத்துல 78 சதவீதம் இருக்கு. ஆனா லேப் சரியா போகலை. பிரச்சினை வருமா?

வரும். செய்முறை உள்ள பாடங்களுக்கு ஆய்வக வேலையிலும் தனியாக 75 சதவீதம் வேண்டும். ஆய்வக வகுப்பு வாரத்தில் ஓரிரு நாள்தான் இருக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விடுப்பு எடுக்கும் மாணவனுக்கு அன்றுதான் வேதியியல் ஆய்வகம் என்றால், மொத்தச் சதவீதம் நன்றாக இருக்கும்போதே இங்கே சரிந்திருக்கும். விடுப்பு எடுக்கும் நாளைக் கால அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுவுல ஸ்கூல் மாத்திட்டோம். பழைய ஸ்கூல் அட்டெண்டன்ஸ் என்னாகும்?

அங்கீகாரமுள்ள பள்ளியிலிருந்து மாறியிருந்தால் அங்கே வந்த நாட்களும் சேரும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, அந்த ஆண்டில் நடந்த வேலை நாட்கள், வந்த நாட்கள் இரண்டையும் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றலாகி வேறு மாநிலம் போனபின் இதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பழைய பள்ளியில் கடைசி நாளுக்கும் புதிய பள்ளியில் முதல் நாளுக்கும் இடையே விழும் நாட்களையும் கவனியுங்கள்; மாற்றல் உத்தரவின் நகலைக் கோப்பில் வைத்திருப்பது நல்லது.

போன வருஷம் ஃபெயில் ஆகி மறுபடியும் அதே கிளாஸ்ல சேந்திருக்கா. ஏப்ரல்லேருந்தா கணக்கு?

இல்லை. தேர்வு முடிவு வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து. மே மாதம் முடிவு வந்தால் ஜூன் 1. அதனால் ஏப்ரல், மே நாட்கள் கழிந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம், ஆனால் ஜூனிலேயே சேர்ந்துவிட வேண்டும்.

எல்.ஓ.சி.ல பேரு போயாச்சு, பீஸும் கட்டியாச்சு. இனிமே நிறுத்த முடியாதில்ல?

முடியும். எல்.ஓ.சி. என்னும் தேர்வர் பட்டியல் வாரியத்துக்குப் போகும் நேரத்தில் வருகைக் கணக்கு பாதியில்தான் இருக்கும். பெயர் போனது, வருகை நிறைவாகும் என்ற எதிர்பார்ப்பில். ஜனவரி 1இல் குறைவு நின்று, மன்னிப்பும் கிடைக்கவில்லை என்றால் தேர்வு எழுத முடியாது.

நீட் கோச்சிங் போறான். ஸ்கூலுக்கு வர வேண்டாம், அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கிறோம்னு ஒரு ஸ்கூல்ல சொல்றாங்க. சேக்கலாமா?

வேண்டாம். பயிற்சி மையம் விதியில் எந்த வகையான காரணமும் இல்லை. வாரியம் முன்னறிவிப்பு இல்லாமல் பள்ளிகளில் ஆய்வு நடத்துகிறது. பதிவேட்டில் வந்ததாக இருந்து வகுப்பில் ஆள் இல்லையென்றால், பள்ளியின் இணைப்பும் போகலாம், பிள்ளையின் தேர்வும் போகலாம். "பாத்துக்கிறோம்" என்று வாயால் சொன்னவர் அன்று எழுத்தில் எதுவும் தந்திருக்க மாட்டார்.

பள்ளியே மதிப்பெண் போடும் அகமதிப்பீடும் இருக்கிறது. பள்ளிக்கு வராதவருக்கு அகமதிப்பீடு செய்ய முடியாது, அது இல்லாமல் முடிவு வெளியிட முடியாது என்று 2025 செப்டம்பரில் வாரியம் அறிவித்திருக்கிறது. அன்றாடம் பள்ளிக்குப் போக முடியாது என்பது தீர்மானமென்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். நேர்மையான வழி. சேரும் முன், போக நினைக்கும் படிப்பின் தகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

அட்டெண்டன்ஸ் 82 இருக்கு. ஆனா ப்ரீ-போர்டுல மார்க் கம்மின்னு ஹால் டிக்கெட் தர மாட்டோம்னு மிரட்டுறாங்க.

தகுதியுள்ள மாணவரைத் தேர்வு எழுதவிடாமல் பள்ளி நிறுத்தி வைக்கக் கூடாது என்று தேர்வு விதிகளிலேயே இருக்கிறது. வாய்ச்சண்டை வேண்டாம். காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மண்டல அலுவலகத்துக்கும் பிரதி போடுங்கள்.

சின்னவ ஆறாவது படிக்கிறா. அவளுக்கும் இதெல்லாம் உண்டா?

பொதுத்தேர்வுக்கான இந்த மன்னிப்பு நடைமுறை அவளுக்கு இல்லை. 8ஆம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. விடுப்புக் கடிதம் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் இப்போதே தொடங்கிவிடலாம்.

பத்தாவதுக்கு இப்போ ரெண்டு தடவை எக்ஸாம் வைக்கிறாங்களே. முதல்ல விடலைன்னா மே மாசம் எழுதிக்கலாமா?

2026 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டு தேர்வு முறையில், முதல் தேர்வு கட்டாயம். அதில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்கள் எழுதாதவருக்கு இரண்டாவது தேர்வுக்கு அனுமதி இல்லை, அடுத்த பிப்ரவரிதான். வருகைக் குறைவால் நின்றவருக்கு மே மாதம் குறுக்குவழி ஆகாது.

ஜனவரி 1க்கு அப்புறம் போகாம வீட்ல உக்காந்து படிக்கலாமா? அட்டெண்டன்ஸ்தான் முடிஞ்சுடுச்சே.

75 சதவீதக் கணக்கைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு வராத நாட்கள் சேராது. ஆனால் செய்முறைத் தேர்வுகளும் திட்டப்பணி மதிப்பீடும் அந்த நாட்களில்தான் நடக்கின்றன. செய்முறைத் தேர்வன்று காய்ச்சல் என்றால் அன்றே பள்ளிக்கு எழுதுங்கள். வாரியம் கொடுத்த காலக்கெடுவுக்குள் வேறு நாளில் வைக்க முடியும். கெடு முடிந்து மதிப்பெண் ஏற்றியபின் "வரவில்லை" என்று பதிவானதை மாற்றுவது பள்ளியின் கையில் இல்லை.